மேரியன் ஆடி ஆஸ்துமாவுக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை

ரெண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. முகநூலில் வந்த அந்த ‘மூலிகை ராணி’ பதிவைப் பற்றித்தான். கானா நாட்டு உயிர்வேதியியலாளர் மேரியன் ஆடி காட்டில் தேடி ஆஸ்துமாவுக்கு மூலிகை கண்டுபிடித்தார் என்கிற பதிவு. யார் போட்டது, கீழே எனக்கு என்னென்ன பட்டம் கிடைத்தது என்பதெல்லாம் இங்கே பாதிப்பேர் பார்த்ததுதான். திரும்பச் சொல்லப் போவதில்லை.

மேரியன் எவுராமா ஆடி (மாசம் இல்லீங்க, குடும்பப் பெயர்) ஆஸ்துமாவுக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. இதைச் சொன்னதற்குத்தான் நான் ‘வெள்ளைக்காரனின் ஜால்ரா’ ஆனேன். சரி, ஜால்ராவே பேசட்டும்.

ஆடி 1942-இல் கானாவில் பிறந்தவர். அசாந்தே மாம்போங்கில் செயின்ட் மோனிகா பள்ளி, பிறகு கேப் கோஸ்ட்டில் ஹோலி சைல்ட், லெகோனில் கானா பல்கலைக்கழகம், அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் உயிர்வேதியியல் முனைவர் பட்டம். ஊர் திரும்பி லெகோனிலேயே பாடம் எடுத்து, உயிர்வேதியியல் துறைத் தலைவரானார். இயற்கை அறிவியலில் முழுப் பேராசிரியரான முதல் கானா நாட்டுப் பெண் இவர்தான். 2014 ஜனவரியில் காலமானார்.

பதிவில் என்ன இருக்கிறது? ‘மாம்போங் காட்டு வைத்தியர்களிடம் சிறுவயதில் மூலிகை கற்றவர்’. மாம்போங் ரெண்டு இருக்கு சாமி. இவர் பள்ளிக்கூடம் போனது அசாந்தே மாம்போங். மூலிகை ஆராய்ச்சி மையம் இருப்பது மாம்போங்-அக்குவாபெம், அக்ராவுக்கு வடக்கே குன்றுமேல் ஊர். ரெண்டையும் ஒட்டி ஒரு குழந்தைப் பருவத்தையே தைத்துவிட்டார்கள்.

அந்த மையத்தை 1975-இல் தொடங்கியவர் ஓக்கு அம்போஃபோ. எடின்பரோவில் படித்த டாக்டர், நல்ல சிற்பியும்கூட. ஆஸ்துமாக்காரர்களுக்கு டெஸ்மோடியம் அட்சென்டென்ஸ் என்ற செடியைக் காயவைத்துப் பொடித்துக் கொடுத்து வந்தது அந்த மையம்தான். காயில் கொக்கி மயிர் இருக்கும், நடந்துபோனால் துணியில் ஒட்டிக்கொண்டு வரும், அந்த வகைச் செடி. அதாவது ‘இந்தச் செடி மூச்சுத்திணறலுக்கு ஆகும்’ என்பது ஆடிக்கு முன்பே அங்கே தெரிந்த விஷயம். எதனால் ஆகிறது, எந்தப் பொருள், தசையில் எந்த இடத்தில், எவ்வளவு கொடுத்தால் என்று கேட்டதுதான் ஆடியின் வேலை. ‘கண்டுபிடித்தார்’ என்று ஒரே சொல்லில் முடிக்கும்போது அம்போஃபோவின் உழைப்பும் போச்சு, ஆடியின் உழைப்பும் போச்சு.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இப்படி எழுத மனசு வராது. கினிப்பன்றியின் சிறுகுடலில் ரெண்டு மூணு சென்டிமீட்டர் துண்டு (மூச்சுக்குழாயைச் சுருக்குகிற மாதிரித் தசைதான் அங்கேயும்). ரெண்டு முனையிலும் நூல். ஒரு நூல் கண்ணாடிக் குடுவையின் அடியில் உள்ள கொக்கியில், இன்னொன்று மேலே இழுவிசையைப் பதியும் கருவியில். குடுவையில் உப்புக்கரைசல், 37 டிகிரி, கீழிருந்து காற்றுக்குமிழி விடாமல் வர வேண்டும். அரைமணி நேரம் எதுவும் செய்யாமல் கரைசலை மட்டும் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். பிறகு ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் பொருள்) விட்டால் தசை சுருங்கும், கருவி வரையும் கோடு மேலே ஏறும். கழுவு. செடிச்சாறு விடு, சில நிமிஷம் நில். மறுபடி அதே அளவு ஹிஸ்டமின். கோடு முன்பைவிடக் குட்டையாக ஏறினால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

கெடுவதற்கு அங்கே வழியா இல்லை? இந்தச் செடியில் சப்போனின் உண்டு. பூந்திக்கொட்டை ஊறவைத்த எல்லாருக்கும் அது தெரியும், நுரை. காற்றுக்குமிழி ஓடும் குடுவையில் அந்தச் சாற்றை விட்டால் நுரை பொங்கும், நூல் ஆடும், கோடு நடுங்கும். செடிச்சாற்றில் இயல்பாகவே பொட்டாசியம் இருக்கும். அது கூடிப்போனால் தசையைத் தானே சுருக்கிவிடும், சாறு கெடுதல் செய்கிறது என்று தப்பாக எழுதிவிடுவோம். இன்னொரு பக்கம், நேரம் ஆக ஆகத் தசை தானாகவே களைத்துவிடும். சாறே விடாத துண்டு ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிடாதவர், களைப்பை மருந்தென்று நம்பிவிடுவார். கரண்ட் போய்த் தண்ணீர் ஆறினால் அன்றைய வேலை காலி. பதிவில் இதற்கு ஒரு வரி: ‘காட்டில் தேடினார், கண்டடைந்தார்’. ஆஹா.

1993-இல் ‘பயோகெமிஸ்ட்ரி’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்களோடு ஆடியின் பெயரும் அதில் இருக்கிறது. செடியிலிருந்து பிரித்தெடுத்த டிஹைட்ரோசோயாசப்போனின்-1 என்ற பொருள், செல்சவ்வில் இருக்கும், கால்சியத்தால் தூண்டப்படும் பெரிய பொட்டாசியம் வாயில்களைத் திறக்கிறது. வாயில் திறந்தால் பொட்டாசியம் வெளியே போகும், செல்லின் உட்பக்கம் இன்னும் எதிர்மின்னாகும், கால்சியம் உள்ளே வரும் வழி அடைபடும், தசை தளரும். எவ்வளவு அழகான விடை! ஆனால் சிக்கலும் அங்கேதான். அந்தப் பொருள் வாயிலை உட்பக்கத்திலிருந்து தொட்டால்தான் வேலை செய்கிறது. சர்க்கரை வால் தொங்கும் பெரிய மூலக்கூறு அது, செல்சவ்வைத் தாண்டி லேசில் உள்ளே போகாது. சாவி இருக்கிறது, பூட்டு வீட்டுக்குள் பக்கம்.

‘கம்பெனிக்காரன் மறைத்துவிட்டான்’ என்கிறவர்களே, மறைக்கிறவன் பெயர் போட்டு இதழில் அச்சடிப்பானா? ஆடியின் பெயர் பட்டியலில் நடுவில் இருக்கிறதே, முதலில் ஏன் இல்லை என்று கேளுங்கள், உங்கள் பக்கம் வந்து நிற்கிறேன். எனக்கும் அது உறுத்துகிறது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

‘பெருமைப்படுத்தத்தானே போட்டார், உனக்கு என்ன எரிச்சல்?’ எரிச்சல் இதுதான். அந்தப் பதிவின் கீழே ஒரு அக்கா, ‘என் பையனுக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலரை நிறுத்திட்டு இதைக் கொடுக்கலாமா, எங்கே கிடைக்கும்’ என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர், ‘நம்ம தசமூலத்துல இருக்கற சாலபர்ணியும் இதே குடும்பம்தாம்மா, தாராளமா குடுங்க’ என்கிறார். இனமே வேறு ஐயா! சாலபர்ணி என்பது டெஸ்மோடியம் கேஞ்செடிகம். பேரின் முதல் பாதி ஒன்றானால் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றாகிவிடுமா? கத்தரியும் சுண்டைக்காயும்கூட ஒரே பேரினம்தான், சாம்பாரில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அக்கா, இதைப் படித்தால் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு இது சோதனை நேரமில்லை.

‘நீ பாரம்பரிய அறிவுக்கு எதிரி.’ இதற்குப் பதிலே கிடையாது. மேலே அம்போஃபோவைப் பற்றி எழுதியதைப் படிக்காதவருக்கு இன்னொரு தடவை எழுதி என்ன ஆகப்போகிறது.

அடுத்தது யுனெஸ்கோ பரிசு. ‘மூலிகையைக் கண்டுபிடித்ததற்காக’ என்று போட்டிருக்கிறார்கள். 1999-இல் அவர் வாங்கியது கலிங்கா பரிசு, அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காகத் தருவது. அதற்குப் பணம் போட்டு வைத்தவர் ஒடிசாவின் பிஜு பட்நாயக். பரிசின் பேரிலேயே ஒடிசாவின் பழைய பேர் இருக்கிறது, அதைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை. கானாவில் ஒரு தலைமுறைக்கு ஆடி என்றால் டிவியில் வந்த அறிவியல், கணித வினாடிவினாதான். தொடக்கத்திலிருந்து 2000 வரை கேள்வி கேட்டவர் இவர். அந்த நிகழ்ச்சி இன்றும் ஓடுகிறது. விடுகதைச் சுற்றில் முதல் குறிப்பிலேயே சொன்னால் 5 மதிப்பெண், இரண்டாவதில் 4, அதற்குமேல் 3. சரியா தப்பா சுற்றில் தப்பாகச் சொன்னால் ஒன்று கழியும். அங்கே அடித்துவிட முடியாது. முகநூலில் கழியவா போகிறது, ஆயிரம் லைக்தான்.

இவ்வளவு எழுதியும் எனக்கு ஆறாத இடம் வேறு. கடைசிக் காலத்தில் இவர் ஆங்கிலிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் தலைவராகப் போய் உட்கார்ந்தார். லெகோன் மாதிரிப் பெரிய இடம் கிடையாது, புதிதாக ஒன்றை எழுப்பும் வேலை. தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தேர்வு நடத்தும் தேசிய வாரியத்துக்கும் தலைமை வகித்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் இயற்கைப் பொருள் ஆராய்கிறவர்களை ஒன்றுசேர்க்க ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். பாடத்திட்டம், கேள்வித்தாள், கூட்டம், கோப்பு. ராணிக்கு இதெல்லாம் பொருந்தாதாம், விட்டுவிட்டார்கள். குடுவையைக் கழுவி, சரியான சூட்டில் கரைசல் வைத்துத் தரும் டெக்னீஷியனுக்கு ஒழுங்கான தேர்வும் சான்றிதழும் வேண்டும் என்று ஒரு பேராசிரியர் மெனக்கெட்டதை எவனாவது மீம் போடுவானா?

கடைசியாக, அந்தப் பதிவில் இருக்கும் படம் ஆடியே இல்லை. 2006-இலிருந்து அதே வினாடிவினாவை நடத்திவரும் எல்சி எஃபா காஃப்மன். அவர் உயிரோடு, வேலையில் இருக்கிறார். கீழே 300 பேர் ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ போட்டிருக்கிறார்கள். திருத்தம் போட மனசில்லை என்றால் போகட்டும், படத்தையாவது எடுங்கள்.