ஏஐ நீதிபதி இருக்கட்டும், தீர்ப்பு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை லைவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம், இரண்டரை மணி நேரம் மிச்சம். "சீனாவுல கேஸே தேங்காது, ஏஐ நீதிபதி மூணு நாள்ல தீர்ப்பு எழுதிடும்"னு லைவில் பேசிய அண்ணன் சொன்னார். கீழே ஹார்ட்டின் மழை. நான் எழுதியது ஒரே ஒரு வரி: "அந்தத் தீர்ப்பை நாம படிக்க முடியுமாண்ணே?"

அதுக்குத்தான் இவ்வளவு அர்ச்சனை. சங்கி, அமெரிக்க அடிவருடி, இதோடு "போய் பாபின் வித்துப் பொழைக்கிற வழியப் பாரு". மற்றதெல்லாம் பழகிப்போச்சு. பாபின்தான் கொஞ்சம் உறுத்துச்சு. நான் சீனாவிலிருந்து எம்ப்ராய்டரி மெஷின் ஸ்பேர் வாங்கி விற்கிறவன்தான். அதனாலதான் இதைப் பேசுகிறேன்.

முதலில் இந்த ஏஐ நீதிபதி. சீன உச்ச மக்கள் நீதிமன்றமே 2022 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஏஐ உதவிக்கு மட்டும்தான், தீர்ப்பு சொல்வதும் பொறுப்பேற்பதும் நீதிபதி. ஹாங்ஜோ நகரில் 2017லேயே இணைய நீதிமன்றம் வந்தது, மறுக்கவில்லை. சாதாரண சிவில் வழக்குக்கு ஆறு மாதம், சுருக்க விசாரணைக்கு மூன்று மாதம் என்று சட்டத்திலேயே கெடு உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெடு வழக்கு பதிவான பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே "சமரசம் பேசுங்க" என்று வாசலில் உட்காரவைக்கிற நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. இது அங்கே இருக்கிற வக்கீல்களின் நீண்டநாள் புலம்பல். அண்ணனுக்கு அது எட்டவில்லை போல.

சரி, வேகம்னே வச்சுக்குவோம். தீர்ப்பு எங்கே?

2013இல் சீனா ஒரு பெரிய காரியம் செய்தது. நாடு முழுக்க உள்ள நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ஒரே இணையதளத்தில் போட ஆரம்பித்தார்கள். பத்துக் கோடியைத் தாண்டிக் குவிந்தன. நான் சீனாவைத் திட்டுகிறவன் என்று முத்திரை குத்துகிறவர்கள் கவனிக்க: உலகத்தில் இந்த அளவுக்கு வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அந்தத் தளத்தைக் கும்பிட்டவன் நான்.

2016. குவாங்ஜோவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த காலம். நாலு மணி நேர பஸ் பயணத்தில் ஒரு ஊர், அங்கே ஒரு ரோட்டரி ஹூக் பேக்டரி (மெஷினில் ஊசி நூலைப் பிடித்துத் தையல் விழவைக்கிற பாகம்). சாம்பிள் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் முப்பது சதவீதம் அட்வான்ஸ் போட வேண்டும். எனக்கு மொழிபெயர்ப்புக்கு வந்த அம்மாவை ஜியே என்றுதான் கூப்பிடுவேன், நம் அக்காதான். லாட்ஜில் ராத்திரி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே அவர் கம்பெனி பெயரைத் தளத்தில் தட்டினார். ஏழு தீர்ப்புகள் வந்து விழுந்தன. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜியே ஒரு வரியில் விரல் வைத்தார். "பென்யுவான் ரென்வெய்." இந்த நீதிமன்றம் கருதுவது என்னவென்றால். "மேல இருக்கிறது எல்லாம் ரெண்டு பக்கத்துச் சண்டை. இதுக்குக் கீழ இருக்கிறதை மட்டும் படி" என்றார். கீழே என்ன இருந்தது தெரியுமா? சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு, பணத்தைத் திருப்பிக் கொடு. எனக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அட்வான்ஸ் போடவில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் பிரிண்ட் எடுத்த அந்த ஒன்பது பக்கம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2020இல் அந்தத் தளத்தில் ஏறிய தீர்ப்புகள் 1.92 கோடி. 2022இல் 1.04 கோடி. 2023இல் 51 லட்சம். மூன்றே வருடத்தில் கால்வாசிக்கு வந்துவிட்டது. நடுவில் 2020 செப்டம்பரில் இருந்து கைபேசி எண் கொடுத்துப் பதிந்தால்தான் உள்ளேயே விடுவார்கள் என்று ஆனது. 2023 டிசம்பரில் உச்ச மக்கள் நீதிமன்றத்தின் சுற்றறிக்கை ஒன்று வெளியே வந்தது: நீதிமன்றங்களுக்கு உள்ளேயே ஒரு புதுத் தீர்ப்புத் தொகுப்பு, நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவர்கள் மட்டும் பார்க்கலாம். ஷிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாவ் தோங்யான் மாதிரியான சட்ட அறிஞர்களே கண்டித்து எழுதினார்கள். 2024 பிப்ரவரியில் பொதுமக்களுக்கென்று ஒரு மாதிரி வழக்குத் தொகுப்பைத் திறந்தார்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 3,700 வழக்குகள். எல்லாம் பொறுக்கி எடுத்தவை. கோடி கோடியாக இருந்த இடத்தில் சில ஆயிரம் முத்துகள்! அதன் பிறகு பழைய தளத்திலும் பதிவேற்றம் மறுபடி கூடியது, ஒப்புக்கொள்கிறேன்.

"தனியுரிமைன்னு ஒண்ணு இருக்கே" என்று ஒரு வக்கீல் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. எப்போதோ நடந்த சின்ன வழக்கு இணையத்தில் கிடப்பதால் வேலை கிடைக்காமல் போகிறவன் இருக்கிறான், கடன் மறுக்கப்படுகிற கம்பெனி இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் தம்பி, விவாகரத்து, சிறார் குற்றம், நாட்டு ரகசியம், சமரசத்தில் முடிந்தவை எதையும் போடக்கூடாது என்று 2016 விதியிலேயே இருக்கிறது. பல வழக்குகளில் பெயரை மறைத்து வெறும் குடும்பப் பெயரோடுதான் போடுவார்கள். பெயரை இன்னும் மறைக்கட்டும். தீர்ப்பை ஏன் மறைக்க வேண்டும்?

"நம்ம ஊர்ல அஞ்சு கோடி கேஸ் தேங்கிக் கிடக்கு, அதைப் பேசு." பேசியாச்சு. என் மாமனாரின் நிலத் தகராறு பத்தொன்பது வருடமாக வாய்தாவில் ஓடுகிறது, அதற்கு மாலை போடச் சொல்கிறேனா? ஆனால் ஒவ்வொரு வாய்தாவும் என் போனில் தெரிகிறது. திட்டுவதற்காவது ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

"வியாபாரிக்கு எதுக்குச் சட்டம்?" இதற்குத்தான் பதில் எழுத வந்தேன். 2022 கடைசி. நேரில் போக வழியில்லாத நேரம், வேறொரு கம்பெனி, பெயர் வேண்டாம். ஜியே தேடிப் பார்த்து "ஒண்ணுமே இல்லை" என்றார். ஒண்ணும் இல்லையென்றால் நல்ல கம்பெனி என்று நான் எடுத்துக்கொண்டேன். என் பேராசையும் அதில் சேர்த்தி, மறைக்க மாட்டேன். வந்த ஹூக் இரண்டு வாரத்தில் தேய்ந்து நூலை அறுக்க ஆரம்பித்தது. வாங்கினவர்கள் கடை மேஜையில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆறு லட்சத்துச் சொச்சம். அந்தக் கம்பெனி மேல் ஏற்கெனவே மூன்று வழக்கு இருந்தது என்று அதே ஊர் வியாபாரி ஒருவர் பின்னால் சொன்னார். தீர்ப்பு வந்திருக்கிறது. வேகமாகவே வந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என்னுடையது பணம், போகட்டும். வாங் சுவான்ஜாங் என்ற வக்கீலை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூலை 9இல் தொடங்கி முந்நூறுக்கு மேற்பட்ட வக்கீல்களையும் செயற்பாட்டாளர்களையும் வளைத்தார்களே, அதில் பிடிபட்டவர். மூன்று வருடம் கழித்து தியான்ஜினில் மூடிய கதவுக்குள் விசாரணை, மனைவியையே உள்ளே விடவில்லை. 2019 ஜனவரியில் நாலரை வருடம் சிறை. விசாரணைக்குச் சில நாள் முன்னால் அந்த மனைவி லி வென்ட்ஸுவும் மற்ற வக்கீல்களின் மனைவிமாரும் பெய்ஜிங்கில் மொட்டை அடித்துக்கொண்டார்கள். சீன மொழியில் தலைமுடிக்கும் சட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி, "ஃபா". எங்களுக்கு ஃபா இல்லாமல் போகலாம், உங்களுக்கு ஃபா இல்லாமல் போகக்கூடாது என்றார்கள். அண்ணன் லைவில் இதைச் சொல்லியிருந்தால் நானும் ஒரு ஹார்ட்டின் விட்டிருப்பேன்.

ப்ளாக் செய்தவர்களுக்கு நன்றி. பாபின் வேண்டுமென்றால் கடை திறந்துதான் இருக்கிறது, பழைய விலைதான்.

நேற்று ஜியேயிடமிருந்து ஒரு மெயில். வீசாட் செயலி இங்கே 2020லேயே தடையாகிவிட்டதால் எங்களுக்கு மெயில்தான். தெரிந்தவர் ஒருவர் அந்தப் பழைய ஹூக் பேக்டரியிடம் மாட்டிக்கொண்டாராம். தேடினால் அந்த ஏழு தீர்ப்பில் ஒன்றுகூட இப்போது வரவில்லையாம். "உன்கிட்ட அந்த பிரிண்ட் இருக்குமே, ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். மூணாவது பக்கத்தில் நூடுல்ஸ் கறை இருக்கிறது, எழுத்து தெரிகிறது. காலையில் ஜெராக்ஸ் கடை திறந்ததும் அனுப்பிவிடுகிறேன்.