புதன் பின்னேரம் ஆறரை மணி

போன கிழமை நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். புதன் பின்னேரம் பிள்ளைகளோடு இருந்து என்ன சொல்லுவோம், என்ன செய்வோம் என்று நான் எழுதி என் குசினிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தேன். அதை ஒருவர் ஊர்க் குழுமத்தில் கொண்டுபோய், "வீட்டுக்குள்ளயும் ரியூசன் தொடங்கியாச்சு" என்று எழுதிப் போட்டார். கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அந்த நாற்பதில் எட்டுப் பேர் என் கையால் சாப்பிட்டவர்கள். இரண்டு இரவு நித்திரை இல்லை.

கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். அது ரியூசன் இல்லை.

மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. புதன் பின்னேரம் ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு நான்கு பேரும் பாயில் இருப்போம். ஃபோன்கள் இரண்டும் அலுமாரிக்குள். ஒரு தேவாரம். மூத்தவள் முதலடி எடுப்பாள், சின்னவன் ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக் கத்துவான். பிறகு ஒரு கதை. கதையோடு சேர்ந்த ஒரு சாமான் கையில் இருக்கும். ஒரு விளையாட்டு. கடைசியில் சுண்டலோ, கொழுக்கட்டையோ, இரண்டும் இல்லாத கிழமை மரி பிஸ்கட்டோ. எல்லாம் இருபத்தைந்து நிமிடம். இதற்குப் பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, மாதக் காசு இல்லை. இதில் எது ரியூசன்?

"அப்ப ஏன் தாள்? ஏன் அட்டவணை? பிள்ளைகளோட இருக்கிறதுக்கு ஒரு தாய்க்குத் திட்டம் தேவையோ?" இதுதான் அதிகம் பேர் கேட்டது. தேவை. எனக்குத் தேவை. தொடங்கின முதல் மூன்று புதனும் திட்டம் இல்லாமல்தான் இருந்தோம். "நல்ல பிள்ளையளா இருக்கவேணும்" என்று தொடங்குவேன். பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. சொல்ல ஒன்றும் இல்லாத வாய் எங்கே போகும்? மூத்தவளின் கையெழுத்துக்குப் போனது. அங்கிருந்து அவள் சோறு மிச்சம் விடுவதற்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பதற்கு. பத்து நிமிடத்தில் அவள் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது புதன் அவள் கேட்டாள்: "அம்மா, இண்டைக்கும் பேசுவீங்களோ?"

அன்றைக்குத்தான் கொப்பி வாங்கினேன். ஞாயிறு மத்தியானம் சமையல் முடிந்ததும் நாலு வரி எழுதுவேன். சொல்லப் போவது என்ன, ஒரே வசனத்தில். எந்தக் கதை. பிள்ளையின் கையில் கொடுக்க என்ன சாமான். தின்ன என்ன. அவ்வளவுதான். அந்தத் தாள் பிள்ளைகளைக் கட்டிப்போட அல்ல, என் வாயைக் கட்டிப்போட. இதைப் போன பதிவிலேயே சொன்னேன். ஒருவரும் வாசிக்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார்கள்.

ஒரே வசனத்தில் சொல்ல முடியாத விஷயத்தை நாலு வயதுப் பிள்ளையிடம் கொண்டுபோகவே கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "நேர்மை" என்று ஒரு புதன் எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த புதன் "உடைத்தது நீ என்றால் நீ என்று சொல்" என்று எழுதி, உடைந்த கோப்பை ஒன்றைப் பாயில் வைத்தேன். சின்னவன் அதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே, தகப்பனின் கண்ணாடியை எங்கே ஒளித்து வைத்தான் என்று சொன்னான். ஒரே பாடத்தை மூன்று கிழமை திருப்பிச் செய்தாலும் பிள்ளைகளுக்கு அலுக்காது. அலுப்பது எங்களுக்குத்தான்.

பனம்பாத்திக் கதையையும் சொல்கிறேன், சிரித்தவர்கள் இதையும் கொண்டுபோய்ப் போடட்டும். புரட்டாசியில் மாமா பின்வளவில் பாத்தி போட்டார். அந்தப் புதன் எங்கள் வசனம், "சில சாமான் வரும்வரை பொறுக்க வேணும்." ஆளுக்கொரு பனங்கொட்டை கையில் கொடுத்து, மாமாவோடு போய் அடுக்கி, மண் போட்டு மூடினோம். மூன்று கிழமை கழித்துச் சின்னவன் தேத்தண்ணிக் கரண்டியால் ஒரு மூலையைக் கிண்டி, கொட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தும்பெல்லாம் மண், ஒரு பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளை முளை. "அம்மா, இது இன்னும் பொறுக்குது" என்றான். நான் பேசவில்லை. அவனே திரும்பக் கொண்டுபோய் வைத்து, பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலில் மிச்சம் இருந்ததை ஊற்றினான். தைப்பொங்கல் கழிந்து கிழங்கு கிண்டி அவித்தபோது தும்பை அவனே உரித்தான், கிழங்கைக் குறுக்கே முறித்தான், பாதியை அக்காவுக்கு என்று தட்டில் வைத்தான். எந்த ரியூசனில் இது நடக்கும்?

ரியூசன் என்ற சொல்லை ஒரு கேலிச் சொல்லாக எடுத்து என் மேல் எறிந்தவர்கள் யார் என்றும் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் வரும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் என்று பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிபவர்கள். அதற்கு நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவரவர் பிள்ளை, அவரவர் பயம். கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வெளியில் விட்டால் பொறுப்பான தகப்பன். இருபத்தைந்து நிமிடம் வீட்டில் இருத்தினால் பிள்ளையின் சுதந்திரத்தைப் பறித்த தாய். இது எனக்கு விளங்கவில்லை.

சரி, இரண்டாவது கதைக்கு வருகிறேன். "இது வேதக்காரரின் முறை, மதம் மாறத் தொடங்கிவிட்டா" என்று எழுதியவருக்கு.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை நான் மறைக்கவே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் பக்கத்து வீட்டுக் குடும்பம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தது. மோர்மன் என்று சனம் சொல்லும் சபை. திங்கட்கிழமை பின்னேரம் அந்த வீட்டில் ரீவி ஓடாது, விருந்தாளியும் இல்லை, பிள்ளைகளோடு தாய் தகப்பன் இருப்பார்கள். மச்சாள் சொல்லக் கேட்டு ஆசை வந்து நான் தேடி வாசித்தேன். 1915 இல் அந்தச் சபைத் தலைவர்கள் தங்கள் குடும்பங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு மாலையைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள், செபம், பாட்டு, வேத வாசிப்பு வையுங்கள், சின்னவர்களுக்குக் கதையும் விளையாட்டும் வையுங்கள், வீட்டில் செய்த சிற்றுண்டி கொடுங்கள் என்று. விறைப்பாக, சடங்காக நடத்த வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. 1965 இல் கிழமைக்கு ஒரு பாடம் என்று கைநூல் அச்சடித்துக் கொடுத்தார்கள். 1970 இல் சபை முழுவதற்கும் திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அவர்கள் சொல்லிக் கொடுப்பது அவர்களுடைய விசுவாசத்தை. நான் எடுத்தது அந்த ஒழுங்கை மட்டும். என் வீட்டில் திருநீறு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தேவாரம் இருக்கிறது. திங்கள் இவருக்கு வேலை முடியப் பிந்தும், வெள்ளி கோயில், சனி ஞாயிறு சொல்லத் தேவையில்லை. அதனால் புதன்.

சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் அவர். மதம் மாறிவிட்டாரா? பாதிரிமார் மேடையில் நின்று கிழமைதோறும் பிரசங்கம் செய்வதைப் பார்த்தார், அந்த முறையை எடுத்தார், 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தானே பிரசங்கம் தொடங்கினார், வெள்ளிக்கிழமைகளில். அடுத்த வருடம் பள்ளிக்கூடம். பிறகு சின்னப் பிள்ளைகளுக்கென்று படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதி அச்சிட்டார். ஏன் படிப்படியாக? பிள்ளைக்குச் சொல்வதை யோசித்து, அளந்து, வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் தாளில் இருந்ததும் அதுதான். குருநகரிலும் பாஷையூரிலும் பொழுதுபட்டால் குடும்பமாக இருந்து செபமாலை சொல்லும் வீடுகள் எத்தனை? அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லையே. சிரிக்கவும் கூடாது.

ஒரு தங்கச்சி உள்பெட்டியில் எழுதியிருந்தாள். அவர் வெளிநாட்டில், நான் தனிய, வேலையால் வந்து சமைத்து முடியவே எட்டு மணி, இதெல்லாம் வசதி உள்ளவர்களின் வேலை என்று. அவளுக்கு மட்டும் நான் பதில் எழுத நேரம் எடுத்தேன். பத்து நிமிடம் போதும், படுக்கையில் வைத்தே செய்யலாம், தனியாளாக இருந்தாலும் நடக்கும் என்று எழுதினேன். அது முழுப் பதில் இல்லை என்று தெரியும்.

தனியாள் என்று எழுதும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. இதை எழுத நினைத்து இந்தப் பதிவைத் தொடங்கவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் இரவோடு இரவாக ஊரை விட்டு நடந்த நாள். எனக்கு ஒன்பது வயது. அந்த இரவு நடந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாவற்குழியால் போய், கடைசியில் மீசாலையில் தெரிந்தவர் வீட்டு மாட்டுக்கொட்டிலோடு ஒட்டிய ஓலைப் பத்தியில் இரண்டு குடும்பம். அம்மாவுக்குக் காய்ச்சல், எழும்ப முடியாது. மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், ஒரு சின்னத் திரி. அப்பா அதை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் மட்டும் கொளுத்துவார். அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு தேவாரம், ஒரு கதை, பிறகு ஆளுக்கொரு கேள்வி. "இண்டைக்கு நீ கண்டதில நல்லது என்ன?" சொல்லி முடியத்தான் விளக்கை நூர்ப்பார். இருட்டிலும் பயம் இருக்காது.

அவர் அப்படியே வாயில் வந்ததைச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முதல் அவர் காலமான பிறகு பழைய அடையாள அட்டைகளைத் தேடி அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கிழித்த சிகரெட் பெட்டி மட்டைகள் ஒரு இறப்பர் பட்டியில் கட்டியிருந்தன. உள்பக்க வெள்ளையில் பென்சில் எழுத்து. ஒன்றில், "நரி. கிணறு. சின்னவளிட்ட முதல் கேள்." இன்னொன்றில், "இண்டைக்குப் பேய்க்கதை வேண்டாம், செல் அடிக்குது." என் அப்பா பகல் முழுவதும் தண்ணிக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற மனுசன், அதுக்குள்ளே இதை யோசித்து, மட்டையில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எண்ணெய் அரை மணித்தியாலத்துக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிடமும் வீணாக்க ஏலாது.

"வீட்டுக்குள்ளயும் ரியூசன்."

சிரித்த எட்டுப் பேரில் ஒருத்தி மீசாலையில் அந்த ஓலைப் பத்தியில் என் பக்கத்தில் இருந்தவள். என் பெரியம்மாவின் மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று. அக்கா, நீ அந்தச் சிரிப்பை அடுத்த நாளே எடுத்துவிட்டாய், பார்த்தேன். நீ முழுதாக வாசிக்காமல் அழுத்தியிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தப் புதன் ஜாம் போத்தல் விளக்குச் செய்து பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன். வசனம் எழுதிவிட்டேன், கதை அப்பாவின் நரிதான். போத்தல் கழுவிக் காயப் போட்டிருக்கிறது. ஆனால் நேற்று இரண்டு முறை செய்து பார்த்தேன், திரி நிற்கவில்லை, எரிந்து உள்ளே விழுகிறது. அக்கா, மீசாலையில் திரி திரித்தது நீதான். அப்பாவின் பழைய வேட்டிக் கரையா, பஞ்சா? எதில் செருகி நிறுத்தினாய்? எனக்கு வெளிச்சம்தான் ஞாபகம் இருக்கிறது. புதனுக்கு முதல் ஒரு குரல் பதிவு போட்டுவிடு.