ஒரே மாதிரி நடத்தினால் போதாது

'தலைவர் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும்' என்கிறது தலைமைப் பண்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. திருப்பூர் பனியன் கம்பெனியில் லைன் (தையல் வரிசை) பார்ப்பவனாகச் சொல்கிறேன், அது பாதிதான் சரி. எங்கள் லைனில் ஓவர்லாக்கில் (ஓரம் தைக்கும் மெஷினில்) ஒடிசாப் பெண்கள், செக்கிங்கில் தேனிக்கார அக்காக்கள், அயர்னில் பீகார் பையன்கள். தையல் பிசகினால் தமிழில் கத்தி என்ன பயன்? பீஸைக் கையில் எடுத்துப் பிரித்துக் காட்டினால் புரிந்துவிடுகிறது. தீபாவளிக்கு லீவு விடுகிறோம், சரி. பீகார்க்காரர்களுக்கு அது கழிந்து ஆறாம் நாள் சத் பூஜை, சூரியனை வழிபடும் பெரிய பண்டிகை. அதையும் கணக்கில் வைத்து ஷிப்மென்ட் தேதியைப் பேசாவிட்டால், சொல்லாமல் ரயில் ஏறிவிடுவார்கள். அப்புறம், 10 பேர் வேலை செய்தாலே 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பெண்கள் புகார் சொல்ல உள்ளகப் புகார்க் குழு வேண்டும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறிவிப்பைத் தமிழில் மட்டும் ஒட்டினால், ஒடியா பேசும் பெண் யாரிடம் போவாள்?