டோக்கியோ டிரிஃப்ட்: கதையைத் திட்டுங்க, வண்டி ஓட்டினவங்களை விட்டுடுங்க

ஒரு சினிமா விமர்சகர் போட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. லிங்க் போட மாட்டேன், அவருக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல வியூஸ் வந்தாச்சு. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' கார் படத் தொடரோட மூணாவது பாகமான 'டோக்கியோ டிரிஃப்ட்' (2006) கதையைக் கிழிச்சார், சரி. "காரை எதுக்குப்பா பக்கவாட்டுல இழுத்துட்டுப் போறான், எல்லாம் கிராபிக்ஸ்தானே"ன்னு சிரிச்சாரு பாருங்க, அங்கதான் எரியுது.

ஐயா, ஒரு காரை அப்படிப் பக்கவாட்டுல சறுக்க விட்டு ஓட்ட, அதாவது டிரிஃப்ட் பண்ண, என்ன செய்யணும் தெரியுமா? வளைவுக்கு முன்னாடி பிரேக்கைத் தொட்டு எடையை முன்சக்கரத்துக்குத் தள்ளணும். ஸ்டியரிங்கை உள்ளே திருப்பி, கிளட்சைச் சட்டுன்னு மிதிச்சு விடணும், இல்லாட்டி ஹேண்ட்பிரேக்கை ஒரு இழுப்பு. பின்பக்கம் பிடி விட்டதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கணும், ஆக்சிலரேட்டரை அளவா மிதிச்சபடியே. பயந்து காலை எடுத்தா பின்டயர் திடீர்னு பிடிச்சுக்கும், வண்டி எதிர்ப்பக்கம் வெட்டிப் பாயும். கூடுதலா மிதிச்சா ராட்டினம்தான். எஞ்சின் சக்தியை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் சாதாரணமா இருந்தா உள்பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுத்தும். அதைத் தடுத்து ரெண்டு சக்கரத்துக்கும் சக்தி போக வைக்கத்தான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

படத்துல வர்ற மிட்சுபிஷி எவோ கார், கம்பெனியிலிருந்து வரும்போது நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுத்துற வண்டி. முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தா வண்டியை அப்படிப் பக்கவாட்டுல பிடிச்சு வைக்கிறது கஷ்டம். அதனால முன்பக்க ஓட்டத்தைத் துண்டிச்சு, பின்சக்கர வண்டியா மாத்தித்தான் ஓட்டினாங்க. எல்லாம் கிராபிக்ஸ்னா இந்தத் தலைவலி எதுக்கு? டோக்கியோவோட ஷிபுயா சந்திப்புல கூட்டத்துக்குள்ள புகுந்து போற காட்சியில கிராபிக்ஸ் இருக்கு. அது ஒண்ணைக் காட்டி மொத்தத்தையும் அடிச்சுட்டா எப்படி?

பழைய அமெரிக்கக் கார் மஸ்டாங்ல ஜப்பான் எஞ்சினான்னு நக்கல் வேற. 1967 மஸ்டாங் ஒண்ணுல நிஜமாவே நிஸ்ஸானோட ஆர்பி26 எஞ்சினை ஏத்தினாங்க. ஸ்டன்டுக்குப் பயன்படுத்தின மத்த மஸ்டாங்ல வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். கதாநாயகன் டிரிஃப்ட் பண்றதைப் பார்த்து கிண்டலடிக்கிற மீன்பிடிக்காரர் யாருன்னு நினைச்சீங்க? கெய்ச்சி சுச்சியா. ஜப்பானே 'டிரிஃப்ட் கிங்'னு கூப்பிடுற ஆள், படத்துக்கு ஸ்டன்ட் ஆலோசகர். "யாரோ ஒருத்தர்"னு தாண்டிப் போயிட்டார் நம்ம நிபுணர்.

"நேராப் போனா சீக்கிரம் போகலாமே"ன்னு கேட்டீங்க. உண்மை. தார் ரோட்டுல டிரிஃப்ட் வேகமான வழி இல்லை. அதனாலதான் டிரிஃப்ட் போட்டியில கோணம், பாதை, ஸ்டைல்னு நடுவர்கள் மார்க் போடுறாங்க. அதைப் போய் ரேஸா காட்டிட்டாங்கன்னு திட்டியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன். அது தெரிஞ்சாத்தானே திட்ட முடியும்!

இப்ப "அண்ணே, படமே ஃபிளாப்"னு வருவீங்க. அந்தத் தொடர்லயே வசூல் குறைச்சல் இதுதான், ஸ்கூல் பையனா வர்ற ஹீரோவைப் பார்த்தா ஸ்கூல் பையன் மாதிரியே இல்லை, போதுமா? ஆனா அப்பவே அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு மூணு ஸ்டார் கொடுத்தார். கிறிஸ்டோபர் நோலனுக்கே இந்தப் படத்து மேல தனிப் பிரியம். ஃபிளாப் கொடுத்த டைரக்டர் ஜஸ்டின் லின்னைத்தான் அடுத்த மூணு பாகத்துக்கும் கூப்பிட்டாங்க. அவங்களுக்கெல்லாம் ரசனை இல்லை, உங்களுக்கு மட்டும் இருக்கு.

ஹீரோ கண் கலங்கினா "வாழ்ந்திருக்கார்"னு பத்து நிமிஷம் பேசுறீங்க. ரைஸ் மில்லன், டானர் ஃபவுஸ்ட்னு அந்த வண்டிகளை நிஜமா ஓட்டினவங்க இருக்காங்களே, ஒரு பெயர் வந்துச்சா உங்க வாயில? ஆஸ்கரே ஸ்டன்டுக்கு விருது தர 2027-ல வர்ற படம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லுது. உங்களைச் சொல்லி என்ன பண்றது.