நானோ நேகிள் யாரைச் சேர்த்துக்கொண்டார்?

கான்வென்ட் பள்ளிகளைப் பற்றி இங்கே வாரம் ஒரு சண்டை நடக்கிறது. ஒரு தரப்பு ஆங்கிலம், ஒழுக்கம் என்று புகழ்கிறது. மறுதரப்பு மதமாற்றம் என்று ஏசுகிறது. அந்தப் பள்ளிகளைத் தொடங்கிய பெண்களைப் பற்றி இரண்டு தரப்புமே பேசுவதில்லை. சென்னை சர்ச் பார்க் பள்ளியை நடத்தும் பிரசென்டேஷன் கன்னியாஸ்திரிகள் சபைக்கு வித்திட்ட நானோ நேகிளைப் பற்றி நான் எழுத நினைத்தது அதனால்தான்.

அயர்லாந்தின் கார்க் பகுதியில், வசதியான கத்தோலிக்கக் குடும்பத்தில் 1718-இல் பிறந்தவர். நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது, பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பவும் கூடாது என்று 1695-இல் போட்ட சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. மீறிப் பாடம் நடத்தினால் அபராதம், சிறை. பணம் இருந்தவர்கள் பிள்ளைகளை ரகசியமாகக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். நானோவும் அப்படிப் படித்தவர்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி ஏது?

பிரான்சில் ஒரு மடத்தில் சேர்ந்தும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஊர்ப் பிள்ளைகள் நினைவாகவே இருந்தது. திரும்பி வந்து, கார்க் நகரில் கோவ் லேன் என்ற சந்தில் முப்பது பெண் குழந்தைகளோடு பள்ளியைத் தொடங்கினார். கூடவே வசித்த தம்பி குடும்பத்துக்குக்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் ஓர் ஏழைத் தகப்பன் தம்பியிடமே வந்து, "உங்க அக்கா பள்ளிக்கூடத்துல என் பிள்ளையையும் சேர்த்துக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தம்பிக்குக் கோபம், பயம். பிறகு அதே குடும்பம் துணை நின்றது. பெரியவர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்தும் பள்ளிகளுக்கே போயிற்று. 1769-இல் எழுதிய கடிதத்தில் ஏழு பள்ளிகள் நடப்பதாகச் சொல்கிறார்: பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு இரண்டு. பகலில் பள்ளி, இருட்டியதும் கையில் லாந்தரோடு நோயாளிகளையும் முதியவர்களையும் பார்க்கச் சந்து சந்தாகப் போவார்.

தனக்குப் பிறகும் பள்ளிகள் நிலைக்க வேண்டுமே என்று 1771-இல் பிரான்சிலிருந்து உர்சுலைன் சபையை வரவழைத்தார். அந்தச் சபையின் விதிப்படி மடத்து மதிலைத் தாண்ட முடியாது. ஏழைகளைத் தேடிப் போக முடியாத சபை தனக்கு உதவாது என்று 1775-இல் சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். 1784-இல் இறந்தார். 1805-இல் ரோம் அங்கீகாரம் கொடுத்தபோது அவர் சபையின் கன்னியாஸ்திரிகளுக்கும் அதே மதில் வந்தது. இதை நான் இழப்பாகவே பார்க்கிறேன். ஆனால் அப்படி அடைபட்ட அயர்லாந்துப் பெண்கள்தான் 1842-இல் கடல் கடந்து மதராசுக்கு வந்து பள்ளி தொடங்கினார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. சர்ச் பார்க் பள்ளி வந்தது 1909-இல்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் உரிமை காக்கப்பட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்காகவே தமிழ்வழிப் பள்ளிகள் நடத்தும் சிஸ்டர்களையும் எனக்குத் தெரியும். நான் கேட்பது நகரத்துக் கட்டணப் பள்ளிகளை. சட்டம் தடுத்த காலத்திலேயே ஏழைப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டவர் நானோ நேகிள். இன்று தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஒதுக்கீடு கட்டாயமில்லை என்றாலும், எல்.கே.ஜி.யில் நாலில் ஓர் இடத்தைக் கட்டணமில்லாமல் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தாங்களாகவே கொடுக்கலாமே? பழைய மாணவிகள் இதை உங்கள் பள்ளி நிர்வாகத்திடம் நேரில் போய்க் கேளுங்கள்.