இதுக்குப் பேர் ஆட்டோமேட்டிக் கியராம்!

கனடாவின் எட்மன்டன், ஜனவரி, மைனஸ் 25 டிகிரி. கார் ஸ்டார்ட் ஆகிவிடும், அதில் குறையில்லை. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறுவதற்குள்தான் உயிர் போகிறது. எஞ்சின் கத்து கத்தென்று கத்தும். பிறகு பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு ‘டங்’! கையிலிருந்த காபி மடியில்.

மெக்கானிக்கிடம் போனால், “குளிர்ல கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாயிடும், பிரஷர் ஏற நேரமாகும். சூடாகிற வரைக்கும் கம்ப்யூட்டரே மேல் கியரைத் தள்ளிப்போடும். எல்லாம் நார்மல்தான்” என்கிறார். நார்மலா? அவர் மடியிலா காபி கொட்டியது?

நிறுத்தி வைத்துச் சூடாக்கினால் எஞ்சின்தான் சூடாகிறது, கியர்பாக்ஸ் ஓட்டினால்தான் சூடாகுமாம். ஓட்டினால் உதை. ஒருவழியாகக் கியர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மாறத் தொடங்கும்போது ஆபீஸ் வந்துவிடுகிறது. சாயங்காலம் ரிவர்ஸ் போட்டால் கியருக்கு மறுபடி யோசனை. மாசத் தவணை மட்டும் என்ன குளிரடித்தாலும் தயங்காமல் போகிறது!