சுவர் கேட்பவர்கள் அறியாதவர்களா?

கடல் ஏறிவரும் கரையோர ஊர் ஒன்று இடம்பெயர மறுத்து, தடுப்புச் சுவர் கேட்கிறது என்று செய்தி வந்தால் போதும், "அவர்களுக்கு அறிவியல் புரியவில்லை, விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்" என்று உடனே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அது 3.7 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. இதை நாம் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்டோம். கிணற்று நீர் உப்பாவதையும், படகை ஏற்றி வைக்கும் மணல்மேடு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதையும் கண்ணால் பார்ப்பவருக்கு நாம் என்ன விழிப்பை ஊட்டப் போகிறோம்?

அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. யார் முடிவெடுத்தார்கள்? எங்கள் வீட்டுக்கு என்ன விலை? பக்கத்து வீட்டுக்காரரும் எங்களோடு வருவாரா? போன இடத்தில் தொழிலுக்கு என்ன வழி? இவற்றுக்கு விடை சொல்லாதவரை ஒரு மனிதர் தன் வாசலில் ஊன்றி நிற்பதில் என்ன தவறு?

வேல்ஸ் கடற்கரையில் ஃபேர்போர்ன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரை நெடுங்காலத்துக்குக் கடலிலிருந்து பாதுகாக்க முடியாது, 2054-ஐ ஒட்டி மக்களை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும் என்று 2013-இல் ஒரு கடற்கரைத் திட்டம் சொன்னது. ஊரில் பலருக்கு அது தொலைக்காட்சி வழியாகத்தான் தெரியவந்தது. அதன் பிறகு வீட்டின் மதிப்பு சரிந்தது. அங்கே வீடு வாங்க வங்கிகள் கடன் தரத் தயங்கின. கடல் அரித்துக்கொண்டு போகும் வீட்டுக்கு இழப்பீடு தரும் சட்டமும் பிரிட்டனில் இல்லை. அலை வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு காகிதம் வந்து அவர்கள் சேமிப்பைக் கரைத்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் கணிப்பையே சந்தேகித்துப் பேசினால் எனக்கு வியப்பில்லை. கணிப்பை ஒப்புக்கொண்டால் கிடைப்பது நட்டம் மட்டும்தான் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஓக்வுட் பீச் மக்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். 2012-இல் சாண்டிப் புயல் அங்கே உயிர்களைப் பறித்தது. அடுத்த சில வாரங்களிலேயே குடியிருப்பாளர்கள் தாங்களே குழுவாகக் கூடி, எங்கள் வீடுகளை அரசே வாங்கிக்கொள்ளட்டும் என்று கேட்டார்கள். புயலுக்கு முன்பிருந்த மதிப்பைக் கொடுக்க மாநில அரசு முன்வந்தது. கூட்டாக வெளியேறுவோருக்குக் கூடுதல் தொகையும் தந்தது. அந்த நிலத்தில் இனி எவரும் கட்டடம் எழுப்ப முடியாது, அது இயற்கைக்கே திரும்பும் என்பதும் உறுதியானது. இந்தக் கடைசி வாக்குறுதியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தங்களை வெளியேற்றிவிட்டு அதே இடத்தில் பணக்காரருக்கு விடுதி கட்டுவார்களோ என்ற ஐயம் கரையோர மனிதர்களுக்கு எங்கும் உண்டு. அது வீண் ஐயமும் அல்ல.

தடுப்புச் சுவர் விஷயத்தில் மட்டும் நான் மக்களின் விருப்பத்தோடு மாறுபடுகிறேன். சுவர் கண்ணுக்குத் தெரிகிறது, கையால் தொடலாம், அதனால் மனம் அதைக் கேட்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்தால், மறுபக்கத்து ஊருக்கு வரவேண்டிய மணல் வராமல் நின்றுவிடுகிறது. பிறகு அந்த ஊரும் கல் கேட்கிறது, அதற்கடுத்த ஊரும் கேட்கிறது. இதை மக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன், கல் கொட்டினால் வாக்கு கிடைக்கும் என்று எளிய வழியைத் தேடும் அரசியல்வாதிகளிடம் முதலில் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தைப் பாருங்கள் என்று பலரும் அணைகளைக் காட்டுவார்கள். எனக்கு அங்கே பிடித்தது வேறு. 1990-லிருந்து அவர்கள் கரைக்கோட்டைப் பெரும்பாலும் மணல் கொட்டியே காத்து வருகிறார்கள்; 2011-இல் ஒரே இடத்தில் சுமார் 2 கோடி கன மீட்டர் மணலைக் குவித்து, காற்றும் அலையும் அதைப் பரப்பட்டும் என்று விட்டார்கள். அங்கே நீர் வாரியங்கள் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. மக்கள் அவற்றுக்குத் தனி வரி கட்டுகிறார்கள், அவற்றின் உறுப்பினர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தான் வரி கட்டி, தான் தேர்ந்தெடுத்தவர் மணல் போதும் என்று சொன்னால் நம்புவதற்கு ஓர் இடம் இருக்கிறது. முகம் தெரியாத அதிகாரி சொல்வதை நம்பு என்று மற்ற நாட்டு மக்களிடம் கேட்பது நியாயமே இல்லை.

பனாமாவின் கார்டி சுக்டுப் தீவில் வாழ்ந்த குனா மக்கள் யாரும் சொல்லிக் கொடுத்து இடம்பெயரவில்லை. தீவில் இட நெருக்கடி தாங்காமல், கடலும் ஏறி வரவே, 2010 வாக்கிலேயே பெருநிலத்துக்குப் போகத் தாங்களாகவே திட்டமிட்டார்கள். வீடு கட்டித் தருவதாகச் சொன்ன அரசுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 2024 ஜூனில்தான் சுமார் 300 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. சில குடும்பங்கள் போகாமல் தீவிலேயே தங்கிவிட்டன. அவர்களை யாரும் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லவில்லை. தண்ணீர் தெருவுக்குள் வரும் நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.